றம்ஸியா சொல்லி அனுப்பியது

எனக்கு வாய் பெரிது என்று ஆலங்குடாவில் எல்லோருக்கும் தெரியும். மீன்காரன் எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்தினால் தராசைத் துடைத்துவிட்டுத்தான் நிறுப்பான். குழாயில் மூன்று நாள் தண்ணீர் வராவிட்டால் பெண்கள் என்னைத்தான் முன்னால் தள்ளிவிடுவார்கள். நிஸ்மியா போனால் காரியம் நடக்கும் என்று ஒரு பெயர். அந்தப் பெயரை நான் ரசித்துச் சுமந்து திரிந்தவள்தான், மறைக்க என்ன இருக்கிறது. றம்ஸியாவும் அந்தப் பெயரை நம்பித்தான் அன்று என்னை அனுப்பினாள்.

றம்ஸியா எங்கள் பக்கத்து வீடு. நடுவில் ஒரு கிடுகு வேலி, அதில் ஆள் நுழைய ஒரு வழி. தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரும் விரட்டப்பட்டு வந்தபோது அவளுக்கு ஆறு வயது. முகாம் கொட்டிலில் வளர்ந்தாள், முகாம் பள்ளிக்கூடத்தில் படித்தாள், இங்கேயே கலியாணம் முடித்தாள். ஆனாலும் அவர்கள் எங்கள் வாயில் 'அகதி ஆக்கள்'தான். முப்பது வருடத்துக்குப் பிறகும் அகதி. கிணற்றடியில் நானே அப்படிச் சொல்லியிருக்கிறேன், அவள் காதில் விழவே சொல்லியிருக்கிறேன். அதை அவள் ஒருநாளும் எனக்கு எடுத்துக் காட்டவில்லை. என்னை அக்கா முறை வைத்து 'ராத்தா' என்று கூப்பிட்ட வாய் இன்றுவரை அப்படியே கூப்பிடுகிறது.

அவளுடைய மாப்பிள்ளை ஹயாத்து முகம்மதுவும் மன்னார்க்காரர்தான். வேன் ஓட்டினார். வாய் திறந்து நாலு வார்த்தை பேசமாட்டார். வேனோடு மட்டும் பேசுவார். அஸர் தொழுதுவிட்டு வந்தால் பொனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எதையாவது துடைப்பார். றம்ஸியா டோர்ச் பிடிப்பாள். "ஸ்டார்ட் பண்ணு" என்பார், ஓடிப் போய் ஸ்டார்ட் பண்ணுவாள். "நிப்பாட்டு" என்பார், நிறுத்துவாள். இந்த இரண்டு சொல்லிலும் நடுவில் அவள் என்னவெல்லாம் படித்துக்கொண்டாள் என்பது வெளியில் யாருக்கும் தெரியாது. ஒருநாள் பார்த்தால் அவள் வேன் ஓட்டுகிறாள். சுபஹுக்குப் பிறகு, கடற்கரை மணல் பாதையில், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க. லைசன்ஸும் எடுத்துவிட்டாள். அந்த அட்டையை அலுமாரியில் தாலிக்கொடியோடு வைத்திருந்தாள்.

எதற்கு லைசன்ஸ் என்று நான் கேட்டபோதுதான் சொன்னாள். எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகள் சாதாரண தரம் வரை இங்கே படிக்கிறார்கள். உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க வேண்டுமென்றால் புத்தளத்துக்குப் போக வேண்டும். பஸ்ஸில் அனுப்ப வாப்பாமாருக்கு விருப்பமில்லை, ஆண்கள் ஓட்டும் வேனில் அனுப்ப உம்மாமாருக்குப் பயம். ஆக, பிள்ளை வீட்டில் இருக்கும், இரண்டு வருடத்தில் கலியாணம் பேசுவார்கள். "பொம்பிளை ஓட்டினா அனுப்புவாங்கதானே ராத்தா" என்றாள் றம்ஸியா. அவளுடைய மகள் அமானிக்கு அப்போது பதின்மூன்று வயது. அந்தப் பிள்ளைக்குக் கணக்கு என்றால் உயிர். தாய்க்காரி யாருக்காக யோசிக்கிறாள் என்று எனக்கு உடனே விளங்கியது.

போன வருடம் மே மாதம் ஹயாத்து முகம்மது மௌத்தானார். காலையில் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வேனுக்குத் தண்ணீர் ஊற்றப் போனவர், வாளியைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டார். ஐம்பத்திரண்டு வயது. மையித்தை எடுத்த பிறகு றம்ஸியா இத்தாவுக்குள் போனாள். நாலு மாதம் பத்து நாள். ஒரு அறை, ஒரு ஜன்னல், அதற்கு ஒரு கனத்த திரை. அந்நிய ஆண் பார்வையில் படக்கூடாது. மார்க்கம் சொன்னது அவ்வளவுதான். தேவைக்குத் திரைக்குப் பின்னாலிருந்து பேசலாம் என்று மௌலவி கூடச் சொன்னார். ஆனால் எங்கள் ஊர் மார்க்கத்துக்கு மேல் இரண்டு படி ஏறி நிற்கும். இத்தா இருக்கும் பெண்ணின் குரலும் வெளியில் கேட்கக்கூடாது, அவள் எட்டிப் பார்த்தாள் என்று ஒரு பேச்சும் வரக்கூடாது. வந்தால் அது ஆயுசுக்கும் கழுவுப்படாது.

அந்த நாட்களில் தினமும் அவளோடு போய் இருந்தவள் நான்தான். ஓதுவோம், அழுவோம், அழுது முடிந்தால் வேனைப் பற்றிப் பேசுவாள். இத்தா முடிந்ததும் பிள்ளைகளை ஏற்றுவதென்று முடிவு செய்திருந்தாள். என்னைத்தான் உம்மாமாரிடம் தூது விட்டாள். நான் வீடு வீடாகப் போய்ப் பேசினேன். பதினொரு பேர் சம்மதித்தார்கள். பதினொரு பிள்ளைகளின் பெயரையும் அமானியின் கொப்பியில் எழுதி வைத்து, யாரை எங்கே ஏற்றுவது, யார் முன் சீற்றில் இருப்பது என்றெல்லாம் அந்த இருட்டு அறைக்குள் இருந்தே ஒழுங்குபண்ணினாள். அந்த வேன் இல்லாவிட்டால் அவளுக்கு வேறு எதுவும் இல்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். அது தெரிந்துகொண்டுதான் நான் செய்ததைச் செய்தேன்.

நாற்பதாம் நாள் ஓதும் கத்தம் முடியும்வரை வேனை யாரும் தொடவில்லை. மௌத்தானவருடைய வாகனம், மரியாதைக்கு அப்படியே நிற்கட்டும் என்றார்கள். ஓடாமல் நிற்கும் வண்டிக்கு என்ன கெடுதல் வரப் போகிறது என்பது எல்லோருடைய எண்ணமும். ஜூன் மாதச் சோளகக் காற்று கடலிலிருந்து உப்பை வாரிக்கொண்டு வந்து இரவும் பகலும் அதன் முகத்தில் அடித்தது. எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியே அந்த நாற்பது நாளில் சிவந்துபோனது. வேன் மட்டும் மரியாதையாக நின்றது.

கத்தத்துக்குப் பிறகு ஹயாத்து முகம்மதுவின் தம்பி முத்தலிபு வேனை எடுத்தார். நல்ல மனுசன். இறால் பண்ணையில் வேலை செய்தவர், அண்ணன் வீட்டு அடுப்பு எரிய வேண்டும் என்று அதை விட்டுவிட்டு வாடகைக்கு வேன் ஓட்ட, ஹயர் ஓட, வந்தார். ஓட்டத் தெரியும், எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது. அண்ணன் நிறுத்தும் இடத்திலேயே, வேனின் முகம் றம்ஸியாவின் ஜன்னலைப் பார்க்கும்படி நிறுத்துவார். காலையில் அவர் ஸ்டார்ட் செய்ததும் கிரீச்சென்று ஒரு சத்தம் வரும். முதலில் கொஞ்ச நேரம். பிறகு நாளுக்கு நாள் நீண்டது. றம்ஸியா தஸ்பீஹ் ஓதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

"பெல்ட் கத்துது ராத்தா" என்றாள் ஒருநாள். எனக்கு அப்போதுதான் விளக்கிச் சொன்னாள். எஞ்சினுக்கு முன்னால் ஒரே ஒரு நீளப் பெல்ட் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து ஓடுகிறதாம். பெற்றரிக்குச் சார்ஜ் ஏற்றுவது, ஸ்டியரிங்கை இலேசாக்குவது, எஞ்சினுக்குள் தண்ணீரைச் சுற்ற வைப்பது எல்லாம் அந்த ஒன்றின் வேலை. அது தளராமல் ஒரு உருளை பக்கத்திலிருந்து அழுத்திக்கொண்டே இருக்கும், அதற்குப் பெயர் டென்ஷனர். உருளை பழுதானால் பெல்ட்டையும் கொண்டுபோய்விடும். பெல்ட் போனால் தண்ணீர் சுற்றாது, கொஞ்ச நேரத்தில் எஞ்சினே எரிந்துவிடும். "பெல்ட்ட மாத்தக்குள்ள டென்ஷனரையும் பாக்கணும். அவரு எப்பவும் ரெண்டையும் சேத்துத்தான் மாத்துவாரு" என்றாள்.

முத்தலிபுவுக்கும் சத்தம் பொறுக்க முடியாமல் போய், நுரைச்சோலையிலிருந்து மெக்கானிக் ஃபஸ்லான் பாஸைக் கூட்டி வந்தார். இத்தாவின் தொண்ணூற்றாறாம் நாள். நான் வழக்கம் போல் றம்ஸியாவோடு அறைக்குள் இருந்தேன்.

எங்கள் ஊரில் ஒரு பொனட் திறந்தால் போதும், எங்கிருந்துதான் வருவார்களோ, ஏழெட்டு ஆண்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றி நிற்பார்கள். ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியாது, எல்லோரும் கருத்துச் சொல்வார்கள். அன்று என் வீட்டுக்காரர் ஸியாதும் நின்றார். பீற்றூட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன மனுசன், சாரத்தை மடித்துக் கட்டியபடி வேனுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார்.

றம்ஸியா திரையின் ஓரத்தில் விரலளவு நீக்கிப் பார்த்தாள். நான் தடுக்கவில்லை. ஃபஸ்லான் எஞ்சினை ஓடவிட்டு, போத்தலில் தண்ணீர் எடுத்து, ஓடும் பெல்ட்டில் கொஞ்சம் ஊற்றினான். சத்தம் குறையவில்லை, கூடியது.

"பாத்தீங்களா" என்று என் கையைப் பிடித்தாள். "தண்ணி ஊத்தக்குள்ள சத்தம் கூடினா டென்ஷனர் தளர்ந்திட்டு எண்டு அர்த்தம். பெல்ட்டு ஒரு பக்கத்தால உதறுது, இஞ்ச இருந்தே தெரியுது."

ஃபஸ்லான் எஞ்சினை நிறுத்தி, நீளச் சாவி ஒன்றை டென்ஷனரில் கொடுத்து நெம்பி, பெல்ட்டைக் கழற்றி எடுத்தான். வளைத்து வெயிலில் பிடித்துக் காட்டினான். உட்பக்க வரியெல்லாம் வெடிப்பு, ஒரு இடத்தில் துண்டே போயிருந்தது. ஆண்கள் எல்லோரும் 'அல்லாஹ்' என்றார்கள். பிறகு உருளையை விரலால் சுற்றிவிட்டான். கரகரவென்ற சத்தம் ஜன்னலுக்குள் இருந்த எங்களுக்கே கேட்டது.

"பெல்ட்டு கையோட இரிக்கி, இப்பவே போடலாம்" என்றான் ஃபஸ்லான். "டென்ஷனர் கொழும்பாலதான் எடுக்கணும், ரெண்டு மூணு நாள் போகும். ஊசியால கொஞ்சம் கிரீஸ் ஏத்திவிட்டா இது இன்னும் கொஞ்ச காலம் ஓடும்."

"எனக்கென்ன தெரியும், நீங்க சொல்றதுதான் பாஸ்" என்றார் முத்தலிபு. அவருக்கு அடுத்த நாள் ஒரு ஹயர் இருந்தது.

றம்ஸியா என் பக்கம் திரும்பினாள். மூன்று மாதமாக அழுது வீங்கிய முகம், ஆனால் அந்த நேரம் அதில் ஒரு துளி அழுகை இல்லை. "ராத்தா, நீங்க போய்ச் சொல்லுங்க. டென்ஷனரையும் மாத்தச் சொல்லுங்க. மூணு நாளில்ல, பத்து நாள் நிண்டாலும் பரவாயில்ல, மாத்தாம வேன ஓட வேணாம் எண்டு சொல்லுங்க."

நான் தயங்கினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. நான் போய் இதைச் சொன்னால் 'அவ எப்பிடிப் பாத்தா' என்றுதான் முதல் கேள்வி வரும். இத்தா வீட்டு ஜன்னல், வெளியில் எட்டு ஆண்கள். பேச்சு பள்ளிவாசல் வரை போகும்.

"நான் பாத்தன் எண்டு சொல்லாதீங்க" என்றாள். "மௌத்தாகமுதல் அவரு சொல்லி வச்சவரு எண்டு சொல்லுங்க. அடுத்த முற பெல்ட்டு மாத்தக்குள்ள டென்ஷனரையும் மாத்தணும் எண்டு அவரு சொன்னவரு, றம்ஸியா அத ஞாபகப்படுத்தச் சொன்னா. அப்பிடிச் சொல்லுங்க."

எவ்வளவு அழகாக யோசித்திருந்தாள் பாருங்கள். எனக்கு ஒரு சாக்குக்கும் இடம் வைக்கவில்லை. மௌத்தானவருடைய சொல்லை எங்கள் ஊரில் யாரும் தட்டமாட்டார்கள்.

சும்மா போகாமல் தேத்தண்ணீர்த் தட்டோடு போனேன். முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, வீட்டு மூலையால் திரும்பி, அவர்களுக்குப் பத்தடி தூரத்தில் நின்றேன். முத்தலிபு ஓடி வந்து தட்டை வாங்கிக்கொண்டார். ஃபஸ்லான் ஒரு ஊசியில் கிரீஸை அடைத்துக்கொண்டிருந்தான். நான் வாயைத் திறந்தேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு கிழவர், பெயர் எதற்கு, ஒரு பகிடி விட்டார். "இனி பாஸுமாருக்கு வேலையில்ல. ஆலங்குடாப் பொம்பிளையள் லைசன்ஸ் எடுத்திட்டாங்க, நாளைக்கு எஞ்சினையும் அவங்களே கழட்டிருவாங்க." எல்லோரும் சிரித்தார்கள். ஸியாதும் சிரித்தார். சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். 'உள்ளே போ' என்ற பார்வை. இருபத்து நாலு வருடமாக எனக்குப் பழக்கமான பார்வை, நூறு தரம் அதை மதிக்காமல் பேசியிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் திறந்த வாயை மூடிக்கொண்டேன். மீன்காரனோடு சண்டை பிடிக்கும் வாய், பிரதேச சபையில் மேசையில் அடித்த கை. எட்டு ஆண்கள் சிரித்த ஒரு சிரிப்புக்கு நான் திரும்பி நடந்தேன். வேறு காரணம் இல்லை. எவ்வளவோ தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை.

அறைக்குள் வந்தேன். "சொன்னீங்களா?" என்றாள்.

"சொல்லிட்டன்" என்றேன்.

"என்ன சொன்னாங்க?"

"ஒண்டும் சொல்லல்ல. தலையாட்டினாங்க."

அவள் "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் வெளியில் போன பிறகு யாரும் பார்த்துவிடக் கூடாதென்று திரையை இறுக இழுத்து ஊசி குத்தியிருந்தாள். அதனால் அதற்குப் பிறகு நடந்ததை அவள் காணவில்லை. புதுப் பெல்ட் பழைய உருளையில் ஏறியது. எஞ்சின் சத்தமில்லாமல் ஓடியது. முத்தலிபு "மாஷா அல்லாஹ்" என்றது மட்டும் எங்களுக்குக் கேட்டது.

மூன்று நாள் சத்தமில்லை. நான் கூட, பாஸுக்குத் தெரியாததா எனக்குத் தெரியும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். நாலாம் நாள் காலையில் றம்ஸியா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அந்தக் கரகரப்பு திரும்பவும் கேக்குது ராத்தா. புதுசுதானே போட்டாங்க?" இதோ இன்னொரு வாசல் எனக்குத் திறந்தது. அன்றே சொல்லியிருக்கலாம். ஒரு நாள் கோபிப்பாள், வேன் தப்பியிருக்கும். ஆனால் பாருங்கள், முதல் பொய்யைச் சொன்னவளுக்கு அதைக் காப்பாற்றுவது பெரிய கடமை மாதிரி ஆகிவிடுகிறது. "புதுசு பழகுமட்டும் அப்பிடித்தான் எண்டு பாஸ் சொன்னாரு" என்றேன். அவள் நம்பினாள். வேனுடைய சத்தத்தை நம்பாமல் என்னை நம்பினாள்.

நூற்றுப் பதினெட்டாம் நாள் முத்தலிபு ஒரு கலியாண வீட்டுக்காரரைச் சிலாபத்துக்கு ஏற்றிப் போய், அவர்களோடு திரும்பி வந்துகொண்டிருந்தார். லுஹர் நேரம். முந்தல் தாண்டியதும் முன்னால் ஏதோ அடித்த சத்தம் கேட்டது, ஸ்டியரிங் கல்லாகிவிட்டது, சிவப்பு லைட் எரிந்தது. உருளை இறுகிப் பெல்ட்டைக் கிழித்துவிட்டது. எஞ்சின் நிற்கவில்லை என்றபடியால், உள்ளே வெயிலில் வெந்துகொண்டிருந்த பெண்களையும் பிள்ளைகளையும் நினைத்து, மதுரங்குளி வரைக்குமாவது போய்விடலாம் என்று ஓட்டினார். றம்ஸியாவாக இருந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தியிருப்பாள். முத்தலிபுவுக்கு அது தெரியாது. மதுரங்குளிக்கு முன்னாலேயே எஞ்சின் புகைந்து, உள்ளே இரும்பு இரும்பைக் கடித்து, நின்றுவிட்டது.

பின்னேரம் ஒரு ட்ரக்டர் வேனைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. றம்ஸியா ஓதிக்கொண்டிருந்தாள். ட்ரக்டர் சத்தம் வாசலில் நின்றதும் ஓதுவதை நிறுத்தினாள். "வேன் வந்த மாதிரி மணல் நொறுங்குது, ஆனா வேன்ட சத்தத்தக் காணல்ல" என்றாள். ஜன்னலுக்கு வெளியே முத்தலிபு, "மதினி, என்ன மன்னிச்சுக்கோங்க மதினி" என்று அழ ஆரம்பித்தார். ஆண்பிள்ளை அப்படி அழுது நான் கேட்டதில்லை.

அடுத்த நாள் ஃபஸ்லான் வந்து பார்த்தான். எஞ்சின் முடிந்தது, வேறு எஞ்சின் போடுவதென்றால் வேனை விற்றாலும் கட்டாது என்றான். றம்ஸியா என்னிடம் ஒன்று மட்டும் கேட்டாள். அந்த டென்ஷனரைக் கழற்றி எடுத்துத் தரச் சொன்னாள். அமானி அதை ஒரு கடதாசியில் சுற்றிக்கொண்டு வந்து தாயின் மடியில் வைத்தாள். றம்ஸியா உருளையை விரலால் தள்ளினாள். அது அசையவில்லை. ஓரத்தில் துருவைச் சுரண்டிப் பார்த்தாள். இருபத்திரண்டு நாளில் வரும் துரு இல்லை அது.

"இது பழசு" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்க சொன்னீங்கதானே ராத்தா?"

அமானியும் பார்த்தாள். வேலி வழியால் ஓடிப்போய்விடலாமா என்று கூட எனக்குத் தோன்றியது.

"சொன்னன் புள்ள. அல்லாஹ் பாத்துக்கொண்டிருக்கிறான், சொன்னன். சும்மா தலையாட்டி ஏமாத்தி இரிக்காங்க."

அவள் அமானியை அனுப்பி முத்தலிபுவிடம் கேட்டாள். அவர் ஜன்னலுக்கு வெளியே நின்று சத்தியம் செய்தார். "அல்லாஹ்வாண மதினி, எனக்கு யாரும் சொல்லல்ல. மௌத்தான எங்கட நானா சொன்ன சொல்லு எண்டு வந்திருந்தா நான் மாத்தாம ஓடுவனா? ஹயர உட்டிருப்பன் மதினி." அவர் சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை. உள்ளே றம்ஸியா சுவரைப் பார்த்தபடி இருந்தாள். "மௌத்தானவர்ட வேன நாசமாக்கிப்போட்டு அல்லாஹ்வையும் சாட்சிக்கு இழுக்கிறாரு" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. அதற்குப் பிறகு அவரோடு அவள் பேசவே இல்லை. இத்தா முடிந்த அன்று அவர் மனைவியோடு வந்து வாசலில் அரை மணித்தியாலம் நின்றார். இவள் வெளியில் வரவில்லை. அந்த மனுசன் கனமூலைக்கு, மனைவியின் ஊருக்கே, குடிபோய்விட்டார். போவதற்கு முன் என்னிடம் வந்து, "ராத்தா, மதினி ஏன் இப்பிடி? நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க" என்றார். சொல்கிறேன் என்றேன்.

என் வீட்டுக்காரருக்குத் தெரியும். ஊரில் கதை பரவி, சொல்லியும் முத்தலிபு கேட்கவில்லையாம் என்று ஆட்கள் பேசத் தொடங்கியபோது, ஒருநாள் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்தவர் தலை நிமிராமல், "அண்டைக்கு நீ தேத்தண்ணி மட்டும்தானே கொண்டு வந்த?" என்றார். நான் தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். அவர் இன்னும் கொஞ்சம் கறி கேட்டார். அத்தோடு சரி. இன்று வரை அவரும் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அந்தச் சிரிப்பில் தனக்கும் ஒரு பங்கு உண்டென்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

வேனைப் புத்தளத்திலிருந்து வந்து துண்டு துண்டாகக் கழற்றிக்கொண்டு போனார்கள். அது நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் மிஞ்சியது. பதினொரு பிள்ளைகளில் இரண்டு பேர் புத்தளத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் படிக்கிறார்கள். ஒன்பது பேர் வீட்டில். போன மாதம் அதில் ஒருத்திக்குக் கலியாணம், பதினெட்டு நிறைந்து ஒரு கிழமைதான் இருக்கும். சாப்பாட்டுச் சஹனில் கை நனைத்ததோடு எழுந்து வந்துவிட்டேன்.

றம்ஸியா குவைத்துக்குப் போனாள். வீட்டு வேலை. நான் எவ்வளவோ தடுத்தேன். தடுக்க எனக்கு என்ன அருகதை என்று உள்ளே ஒன்று கேட்டுக்கொண்டே இருந்தது. லைசன்ஸை எடுத்துப் போகவில்லை. அமானியை முத்தலிபு தன்னோடு வைத்துக்கொள்ளக் கேட்டனுப்பினார், சொந்தச் சாச்சா, அவருக்குத்தான் உரிமை. றம்ஸியா மறுத்துவிட்டாள். பிள்ளையின் உடுப்புப் பையை வேலி வழியால் எங்கள் வீட்டுக்குள் கொண்டு வந்து வைத்துவிட்டு, "உங்களத் தவிர எனக்கு ஆரு இரிக்கா ராத்தா" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவளுடைய கண்ணீர் என் தோளில் சூடாக இறங்கியது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஏர்போட்டுக்குப் போகும் வாகனம் வாசலில் ஹோர்ன் அடித்தது. சொல்லியிருந்தால் பிள்ளையை யாரிடம் விட்டுப் போயிருப்பாள் என்று இப்போது ஒரு சமாதானம் தேடுகிறேன். கேவலமான சமாதானம்.

வெள்ளிக்கிழமைகளில் அவளுக்கு ஃபோன் கிடைக்கும். குரலைப் பதிவு பண்ணி அனுப்புவாள். போன வெள்ளி லுஹருக்குப் பிறகு ஒன்று வந்தது. அமானிதான் போட்டாள், நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கைகளெல்லாம் சவர்க்காரத் தண்ணீரில் வெடித்துப் போயிருப்பதைச் சொன்னாள், அந்த வீட்டில் எட்டுக் குளியலறை இருப்பதைச் சொன்னாள். இரவில் கட்டிலில் படுத்தால் நித்திரை வருவதில்லை என்றாள். பிறகு என்னிடம் பேசினாள். "ராத்தா, ஒவ்வொரு தொழுகையிலும் உங்களுக்கு துஆ கேக்கிறன். அண்டைக்கு அத்தன ஆம்பிளையளுக்கு முன்னுக்கு எனக்காகப் போய்ப் பேசினது நீங்க ஒருத்திதான். அத நினைச்சாத்தான் இஞ்ச என்னால இரிக்க ஏலுது."

பதிவு முடிந்தது. அமானி ஃபோனை மடியில் வைத்துக்கொண்டாள். அவளுக்குப் பதினைந்து வயது. ஹயாத்து முகம்மது மாதிரி, குறைவாகப் பேசும் பிள்ளை.

"மாமி, அண்டைக்கு நீங்க என்னெண்டு சொன்னீங்க?" என்றாள்.

"எண்டைக்கு?"

"வேனடியில. அவங்க எல்லாருக்கும் முன்னால. அப்பிடியே சொல்லிக் காட்டுங்களன். எனக்கு அத ஒருக்காக் கேக்கணும்."

கத்தியைக் கீழே வைத்தேன். அவள் கண் என் முகத்தை விட்டு அசையவில்லை. நான் எழுந்து நின்றேன். முந்தானையைச் சரிசெய்தேன். அந்தக் குசினி நடுவில், பத்தடி தூரத்தில் எட்டு ஆண்கள் நிற்பது போல, குரலை உயர்த்திச் சொன்னேன்.

"ஃபஸ்லான் பாஸ், ஊசிய வைங்க. ஹயாத்து முகம்மது மௌத்தாகமுதல் சொல்லி வச்ச சொல்லொண்டு இரிக்கி. பெல்ட்டு மாத்தக்குள்ள டென்ஷனரையும் மாத்தணும் எண்டவரு. அத ஞாபகப்படுத்தச் சொல்லி றம்ஸியா என்ன அனுப்பினா. முத்தலிபு, வேன் பத்து நாள் நிண்டாலும் பரவாயில்ல. மாத்தாம இத ஓட வேணாம்."

ஒரு சொல் தடுமாறவில்லை. இவ்வளவுதான். அரை நிமிடம் கூட ஆகவில்லை. அமானியின் கண் நிரம்பிவிட்டது. வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"சாச்சா அதுக்கு என்ன சொன்னாரு?"

"ஒண்டும் சொல்லல்ல" என்றேன்.

அந்தப் பிள்ளைக்கு நான் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.